மிளகுக் கிடங்குப் பைத்தியம்

சீனவலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தாச்சு, மட்டாஞ்சேரியில் யூதர் கோயிலைப் பார்த்தாச்சு, வாழையிலையில் சுட்ட கரிமீனையும் ஒரு கை பார்த்தாச்சு, அவ்வளவுதான் கொச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும். அய்யா, அந்தச் சீனவலையிலிருந்து கரையோரமாக, கையிலிருக்கும் கடலைப் பொட்டலம் தீருகிற தூரம் நடந்திருக்கக் கூடாதா? அங்கே ஒரு பழைய கிடங்கு வளாகம் இருக்கிறதே, ஆஸ்பின்வால் ஹவுஸ், பினாலே நடக்கிற மாதங்களில் அதன் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்திருந்தால் நீங்களும் இன்றைக்கு என்னைப் போல ஊரெல்லாம் அதையே பிதற்றிக்கொண்டு திரிவீர்கள். பினாலே என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஆட்டோக்காரர் சொல்கிறார், மீன் விற்கும் அம்மா சொல்கிறார், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். கொச்சி முசிறி பினாலே என்பது முழுப்பெயர். கலைக் கண்காட்சி அது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கு, டிசம்பரில் தொடங்கினால் மார்ச் வரைக்கும் ஓடும்.

இதைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்க. 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற வெள்ளைக்கார வியாபாரி தொடங்கிய கம்பெனி. தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள், மரம், பின்னால் கயிறு, காப்பி, தேயிலை என்று கப்பல் கப்பலாக ஏற்றியவர்கள். அதற்கென்று காயலைப் பார்த்துக் கட்டிய ஓட்டுக்கூரைக் கிடங்குகள், ஆபீஸ் அறைகள், ஒரு பங்களா, சரக்கு இறக்க ஒரு படகுத்துறை. அப்புறம் வியாபாரம் வேறு பக்கம் போய்விட்டது. பூட்டு தொங்கிற்று. ஓடு சரிந்தது, சுவரில் அரசங்கன்று முளைத்தது, வவ்வால் குடியேறியது. நம் ஊராக இருந்தால் இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடி விளம்பரப் பலகை நட்டிருப்பார்கள், இல்லையா? இங்கே அதற்குள் ஓவியர்கள் புகுந்தார்கள். ஓட்டை ஓட்டை மாற்றினார்கள், கம்பி இழுத்தார்கள், விளக்குப் போட்டார்கள், ஆனால் (இதுதான் எனக்கு உயிர்!) சுவரைத் தொடவில்லை. நூறு வருஷத்துச் சுண்ணாம்பு உரிந்து நீலமும் பச்சையுமாகத் தெரிகிற அந்தச் சுவர்களை அப்படியே விட்டார்கள். நான் முதல்முறை உள்ளே போனபோது யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தேன். மிளகு மணத்தது. சத்தியமாக மணத்தது. கூட வந்த என் மச்சான் "அது மரநாய் நாத்தம் மாப்ள" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

இதை நடத்தியவர்கள் கதையே ஒரு சினிமா. 2010-இல் அப்போதைய கேரள கலாசார அமைச்சர் எம்.ஏ. பேபி, மும்பையில் இருந்த இரண்டு மலையாள ஓவியர்களைக் கூப்பிட்டு ஊருக்குப் பெரிதாக ஏதாவது செய்யலாமே என்று பேச, போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் சின்னதாக ஒரு ஓவியக் கண்காட்சி போடாமல், வெனிஸ் நகரத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறதே அந்த அளவுக்கு ஒன்று வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள்! இந்தியாவில் அதுவரை அப்படி ஒன்று கிடையாது. நடுவில் ஆட்சி மாறியது, கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்டார்கள், பத்திரிகைகளில் சண்டை, வரவேண்டிய பணம் நின்றது. கையில் காசில்லை, ஆனால் தேதி மட்டும் குறித்தாகிவிட்டது, 12-12-12 என்று, அதை எப்படித் தள்ளிப்போடுவது, நூறு வருஷம் காத்திருக்க வேண்டுமே! அந்த நாளில் திறந்தேவிட்டார்கள். பாதிப் படைப்புகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் உள்ளே வந்துவிட்டது. நம்ம மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகமே ஆடுகிறதே அந்த ஈழத்துப் பெண், திறப்பு நாளில் கொச்சியில் பாடினார், அவருடைய ஓவியங்களும் அந்தக் கண்காட்சியில் இருந்தன. அந்த முதல் பினாலே முடிவதற்குள் சுமார் 4 லட்சம் பேர் வந்துபோனதாகக் கணக்கு. காசில்லாத இரண்டு பேர், பாழடைந்த கட்டடங்கள், 4 லட்சம் பேர்!

அந்த முதல் பினாலேயின் ஆட்டுக்கல்லைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஷீலா கௌடா, கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸ் இருவரும் சேர்ந்து செய்தது. கர்நாடகப் பக்கம் வீடு மாறுகிறவர்கள் அடுக்குமாடிக்குத் தூக்கிப்போக முடியாமல், உடைக்கவும் மனசு வராமல், தெருவோரத்தில் விட்டுப்போன ஆட்டுக்கற்கள் சுமார் 170, அத்தனையையும் கொண்டுவந்து ஆஸ்பின்வால் கிடங்குக்குள் இறக்கி, அங்கிருந்து படகுத்துறை வரை பரப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் படைப்பு. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் நிற்கணும். மிளகும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கிடங்கு, அதை அரைத்து அரைத்துத் தேய்ந்த கற்கள், எல்லாம் கிளம்பிக் கப்பல் ஏறப்போவதுபோல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரிசை கலைந்து நிற்கின்றன. நான் கோயம்புத்தூர்க்காரன். இந்தக் கற்களை வீட்டைவிட்டுத் துரத்தியதே எங்கள் ஊர் வெட் கிரைண்டர்தான், புவிசார் குறியீடு வாங்கி மார்தட்டிக்கொள்கிறோமே அதே கிரைண்டர். ஒவ்வொரு கல்லாகப் போய்க் குழிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்று எங்கள் அப்பத்தா வீட்டுக் கல்லின் அச்சு அசல். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, மச்சான்தான் வந்து பசிக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனார்.

அதே வருஷம் விவான் சுந்தரம் செய்ததையும் கேளுங்க. கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்ற இடத்தில் தோண்டி எடுத்த பானை ஓடுகளை, அதுதான் நம் சங்கப் பாட்டில் வருகிற முசிறியாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிற இடம், அந்த உடைந்த ஓடுகளை வைத்தே தரையில் ஒரு நகரத்தைக் கட்டி, அதைத் தண்ணீரில் மூழ்கடித்து, மேலே மிளகை மிதக்கவிட்டிருந்தார். அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடுகிறாரே, யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிற முசிறி, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் நெட்டுருப் போட்டது, அது என் காலடியில் ஓடும் மிளகுமாகக் கிடக்கிறது சார்! 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். அந்தக் கொச்சியில், ஒரு மிளகுக் கம்பெனியின் கிடங்கில் இதை வைத்திருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்க, குளிரூட்டிய வெள்ளைச் சுவர் மண்டபத்தில் இதை வைத்தால் பாதிகூடத் தேறுமா? இந்த ஆட்கள் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்ததற்கு இதுதான் காரணம். கட்டடத்தை வாடகைக்கு எடுக்கவில்லை, அதையும் ஒரு கலைஞராகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

2014-இல் ஜிதிஷ் கல்லாட் பொறுப்பில் நடந்தது. கேரளத்துப் பழைய வானியல், கணிதம், கடலோடிகள் என்று பெரிய பெரிய யோசனையெல்லாம் அதன் பின்னால் இருந்தது, அதை விடுங்க, அனிஷ் கபூரின் சுழலைச் சொல்கிறேன். கடலோரத்து அறை. தரையில் வட்டமாக ஒரு பள்ளம். அதற்குள் கருப்புத் தண்ணீர் இடைவிடாமல் சுழன்று சுழன்று நடுவே ஒரு ஓட்டையாகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. கட்டடத்துக்கு அடியில் பூமி ஓட்டையாகிக் கடல் இறங்குகிறது என்றுதான் தோன்றும். சத்தம் காதால் கேட்பதில்லை, உள்ளங்கால் வழியாக ஏறி வயிற்றில் உறுமுகிறது. குழந்தைகள் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு காலேஜ் பையன் கைப்பேசியை நீட்டிவிட்டு, விழுந்துவிடுமோ என்று பயந்து உள்ளே இழுத்துக்கொள்கிறான். எனக்கு வாய் திறந்தது மூடவில்லை. பக்கத்தில் மச்சான். அவர் கோவையில் பம்ப்செட் வியாபாரம் செய்கிறவர். ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். சரி, மனுஷன் உருகிவிட்டார் என்று நான் திரும்பிப் பார்க்க, "ஏனுங் மாப்ள, இதுக்கு எத்தன ஹெச்.பி. மோட்டார் போட்டிருப்பாங்க?" என்றார். கோபம் வரவேண்டும்தானே? வரவில்லை. நானும் அவரும் சேர்ந்து அங்கே நின்ற தன்னார்வலப் பெண்ணிடம் போய்க் கேட்டோம். அந்தப் பெண் சிரிக்காமல், "சேட்டா, எல்லாரும் இது ஆர்ட்டானு கேப்பாங்க, நீங்கதான் மோட்டாரைக் கேக்குறீங்க" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். மச்சானுக்கு அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒரு உரிமை வந்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவராகவே திரும்பிப்போய்ச் சுழலைப் பார்த்துவிட்டு வந்தார், மோட்டார் சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டதாகச் சொன்னார், நான் நம்பவில்லை.

இப்போது 2016. தயவுசெய்து இந்த இடத்தில் வேகமாகப் படித்துவிடாதீங்க. சுதர்ஷன் ஷெட்டி நடத்திய வருஷம். ஆஸ்பின்வாலில் நீளமான பெரிய கிடங்கு ஒன்று, வாசலில் செருப்பைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டச் சொல்கிறார்கள். உள்ளே தரை இல்லை, கடல்தண்ணீர். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, காலை மூழ்கடிக்கும் உயரத்துக்குக் கடல்தண்ணீர், கிடங்கு முழுக்க! சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீத்தாவின் படைப்பு, பெயர் வலியின் கடல். 1973-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவரைப் பிடித்து ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வதைத்தார்கள். அந்த மனிதர் நம்மைத் தண்ணீருக்குள் நடக்கவைக்கிறார். ஒரு காலை எடுத்து வைத்தால் சளக் என்று சத்தம், அது கூரைவரை போய்த் திரும்புகிறது. இருபக்கச் சுவரிலும் பெரிய துணிகளில் கேள்விகள் எழுதியிருக்கின்றன, என்னைக் கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற பாணியில் நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள். நடந்துகொண்டே படிக்கிறோம், தண்ணீர் குளிர்கிறது, காலுக்கடியில் எது என்று தெரியவில்லை, முன்னால் போகிறவர் கலக்கிய அலை வந்து முழங்காலில் மோதுகிறது, உப்பும் பழைய மரமும் கலந்த வாடை, ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயில் தண்ணீரில் பட்டு மேலே உத்தரத்தில் ஆடுகிறது, பேச்சுச் சத்தமே இல்லை, அத்தனை பேர் நடக்கிறார்கள், சளக் சளக் என்பது மட்டும்தான். கடைசிச் சுவரில் காலிப் குர்தியைப் பற்றி எழுதியிருக்கிறது. 2015-இல் துருக்கிக் கடற்கரையில் கவிழ்ந்து கிடந்த அந்தச் சின்னப் பையன், சிவப்புச் சட்டை போட்ட ஆலன், அவன் படத்தை உலகமே பார்த்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலிப் அவனுடைய அண்ணன். அதே படகில் செத்தவன். அவனுக்குப் படம் இல்லை. யாரும் எடுக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால், பேண்ட் நனைந்து, பர்ஸ் நனைந்து, பர்ஸில் இருந்த ரயில் டிக்கெட் நனைந்து, நான் தேம்பித் தேம்பி அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், என் தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டு எதுவும் பேசாமல் திரும்பி நடந்தார். வெளியே வந்தால் பத்தடியில் நிஜக் கடல், வல்லார்பாடத்துக்குப் போகிற சரக்குக்கப்பல் ஒன்று மலைபோல் நகர்ந்துகொண்டிருக்கிறது. யோசித்துப் பாருங்க, ஒரு கிடங்கைத் தண்ணீரால் நிரப்ப எந்த அருங்காட்சியகம் சம்மதிக்கும்? மின்சாரம், தரை, காப்பீடு என்று ஆயிரம் காகிதம் நீட்டியிருப்பார்கள். நனைந்தால் நனையட்டும் என்று சொல்ல முடிந்தது, அது ஏற்கெனவே நனைந்து காய்ந்து நனைந்து பழகிய கட்டடம் என்பதால்தானே!

அந்த வருஷத்திலேயே யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் வைத்திருந்த அலமாரியையும் பார்த்தேன். நூலகத்தில் அட்டை தேடுவோமே, அந்த மாதிரிச் சின்னச் சின்ன இழுப்பறைகள். இழுத்தால் உள்ளே அட்டைகளில் போர்க்காலத்தில் ஜனங்கள் எப்படிச் சமாளித்து வாழ்ந்தார்கள் என்கிற கதைகள். யாழ்ப்பாணமும் நூலகமும் என்றால் 1981-இல் அந்த ஊர் நூலகம் எரிக்கப்பட்டது ஞாபகம் வராதா என்ன. ஒரு இழுப்பறையைத் திறந்தவன் அடுத்தது, அதற்கடுத்தது என்று அங்கேயே நின்றுவிட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

2018-க்கு வந்தால், அந்த ஆகஸ்ட் வெள்ளம் கேரளத்தைப் புரட்டிப்போட்டு நாலே மாதம். நடத்துவார்களா என்று எனக்குச் சந்தேகம். நடத்தினார்கள். அனிதா துபே, இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். வங்கதேசத்து மர்ஸியா ஃபர்ஹானா வெள்ளத்தில் நாசமான வீட்டுச் சாமான்களை, குளிர்ப்பெட்டி, நாற்காலி, ஊறி உப்பிய புத்தகங்கள் எல்லாவற்றையும் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார், நாம் அடியில் நடக்கிறோம். சகோதரன் அய்யப்பன் 1917-இல் சாதி பார்க்காமல் எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போட்டாரே, அதை நினைத்து விபின் தனுர்தரன் அடுப்பு மூட்டி வருகிறவர்களைச் சமைக்கவும் சாப்பிடவும் வைத்தார். சோறும் கலைதான் என்றால் என் மச்சானுக்கு வேறென்ன வேண்டும்! திங்கட்கிழமைகளில் டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே திங்கட்கிழமை போகணும். சுமை தூக்குகிறவர்கள், பள்ளிக்கூடத்துச் சீருடைகள், மாமியாரைக் கைபிடித்துக் கூட்டிவரும் மருமகள்கள், கன்னியாஸ்திரிகள். தன் தாத்தா மூட்டை சுமந்த கிடங்கு என்று கைகாட்டிச் சொன்ன ஒருவரை நானே கேட்டேன். கலையைவிட அவருக்கு அந்தக் கதவு முக்கியம், கதவைத்தான் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, இருக்கிறது. 2022-இல் டிசம்பர் 12 திறப்பை 23-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். மழை ஒழுகுகிறது, மின்சாரம் நிற்கிறது, பெட்டிகள் வந்துசேரவில்லை என்று கலைஞர்களே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நியாயமான கோபம். பழைய கட்டடத்தில் நடத்துவது என்றால் இதுதான், ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கணும். கட்டடம் சொந்தமில்லை, உரிமைக்காரர் மனசு மாறினால் போச்சு, முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும், அதற்குள் ஒரு பருவமழை வந்து போனவருஷம் மாற்றிய ஓட்டையெல்லாம் பெயர்த்திருக்கும். ஆனால் கதவு திறந்து உள்ளே போய் அந்த வருஷப் பொறுப்பாளர் ஷுபிகி ராவ் சேர்த்துவைத்திருந்ததைப் பார்த்தவுடன் எனக்குத் தேதியாவது கீதியாவது, ஒன்றும் ஞாபகமில்லை. போங்க.

ஒன்றுமட்டும் அரிக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை பஞ்சாலைகள் சங்கு ஊதாமல் கிடக்கின்றன! ரம்பப்பல் கூரை, வடக்குப் பார்த்த கண்ணாடி, ஓவியத்துக்கென்றே செய்த வெளிச்சம். சென்னையில் பின்னி மில் இருந்தது, அங்கே சினிமாச் சண்டை போட்டார்கள், கதாநாயகன் அடித்த அடியில் அட்டைப்பெட்டிகள் பறந்தன, சந்தோஷம். சென்னைப் புகைப்பட பினாலேக்காரர்கள் 2019-இல் செனட் ஹவுஸுக்குள் படங்களை வைத்தபோது நான் துள்ளிக் குதித்தேன். அப்படியானால் கோவை மில்லில் ஏன் முடியாது? இதை மச்சானிடம் சொன்னேன். மூன்று நிமிஷம் யோசித்து, "கூரை ஒழுகுமே மாப்ள" என்றார். அப்புறம் அவரே, "பம்ப் வேணும்னா நான் தர்றேன்" என்றார். நான் பஸ்ஸில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

சரி, போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எர்ணாகுளம் ஜெட்டியில் இருந்து படகில் போங்க, சில்லறைக் காசுதான், காரில் பாலம் சுற்றிப் போனால் பாதிச் சுகம் போய்விடும், அந்தக் கிடங்குகளைத் தண்ணீர்ப் பக்கமிருந்துதான் முதலில் பார்க்கணும். ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு, எங்கே கழற்றச் சொல்வார்கள் என்று தெரியாது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கனவு காணாதீங்க. ஆஸ்பின்வால் மட்டும் ஒரு முழு நாள், டச்சுக்காரர்கள் கட்டிய டேவிட் ஹாலும் ஆனந்த் வேர்ஹவுஸும் மற்றக் கிடங்குகளும் இன்னொரு நாள். எந்தக் கட்டடம் எந்த வருஷம் கிடைக்கும் என்பது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம், கேட்டுக்கொண்டு போங்க. சாயங்காலம் கொசு கடிக்கும், கடிக்கட்டும். களைத்துப் போனால் பெப்பர் ஹவுஸ் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி சொல்லுங்க. அங்கே பக்கத்து மேஜைக்காரர் கேட்காமலே ஒரு ஆள் அவரிடம் ஆட்டுக்கல், சுழல், கடல்தண்ணீர் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தால் அது நான்தான். மேஜை மாற்றிக்கொண்டு போய்விடாதீங்க, இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.